சோதனைச் சாவடிகளில் நிற்கும் பெண்கள் யார்?

இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையின் இராணுவச் சோதனைச் சாவடிகளில் குறிப்பெடுக்கும் பெண்கள் வெளிநாட்டு அமைப்புகள் அனுப்பியவர்கள் என்றும், அச்சாவடிகள் அனைத்தும் இஸ்ரேலின் எல்லையில்தான் உள்ளன என்றும் பரவும் செய்தி தவறானது. 2001-இல் தொடங்கிய ‘மக்சோம் வாட்ச்’ அமைப்பின் தன்னார்வலர்கள் இஸ்ரேலியப் பெண்களே. விடியுமுன் கலந்தியா சாவடியிலோ பெத்லகேம் சாவடியிலோ, இஸ்ரேலுக்குள் வேலைக்குச் செல்வதற்கான அனுமதிச்சீட்டைக் கையில் ஏந்தி சுழல்கதவின் முன் நெருக்கியடித்து நின்ற தொழிலாளர்களின் வரிசை எவ்வளவு நேரம் நகராமல் கிடந்தது, எத்தனை வழிகள் திறந்திருந்தன என்பவற்றை அவர்கள் பதிவுசெய்துள்ளனர். அனுமதி மறுக்கப்பட்டோருக்காக அதிகாரிகளிடம் முறையிட்டுமுள்ளனர். உலகத் திருச்சபைகள் மன்றம் 2002 முதல் அனுப்பிய வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வேறு. இரு தரப்பையும் ஒன்றாக்குவது, தம் நாட்டு இராணுவத்தையே கேள்வி கேட்கும் இப்பெண்களின் துணிவை மறைத்துவிடுகிறது. நாப்லஸ் நகருக்குத் தெற்கேயுள்ள ஹுவாரா சாவடியோ எல்லையில் அல்ல, மேற்குக் கரைக்கு உள்ளேயே, பாலஸ்தீன ஊர்களுக்கிடையேதான் அமைக்கப்பட்டது.