அணைக்கப்பட்ட கோர் யாருடையது?

காசு கொடுத்து வாங்கிய ப்ராசஸருக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கும் பகுதியைத் திறப்பதை ஏதோ திருட்டைப்போலப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே சமயம், திறக்கிறவர்களில் பலர் நினைப்பதுபோல அது நம்மிடமிருந்து ஒளித்து வைக்கப்பட்ட புதையலும் இல்லை. அணைத்ததற்கான காரணம் சிப்புக்குச் சிப்பு வேறுபடுகிறது; அந்தக் காரணத்தை வாங்குகிறவரிடம் எந்த நிறுவனமும் சொல்வதில்லை என்பதுதான் என் குறை.

ப்ராசஸர் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஃபீனம் II எக்ஸ்3 720-ஐ எடுத்துக்கொள்வோம். மூன்று கோர் (தனித்து இயங்கிக் கணக்குப்போடும் பகுதி) என்று விற்கப்பட்ட அதன் சிலிக்கான் துண்டில் உண்மையில் இருந்தவை நான்கு கோர்கள். உற்பத்தியில் ஒரு கோர் பழுதானால் முழுச் சிப்பையும் குப்பையில் போடாமல், அதை மட்டும் அணைத்து மலிவாக விற்பது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் உற்பத்தி சீரடைந்து பழுது குறைந்த பிறகும் மலிவான சிப்பைக் கேட்டு வருகிறவர்கள் குறைவதில்லை என்பதால், நல்ல நிலையில் உள்ள கோரையும் அணைத்து அனுப்பவேண்டிய நிலை வந்துவிடுகிறது. எஸ்பி750 சவுத்பிரிட்ஜ் என்ற துணைச்சிப் கொண்ட மதர்போர்டுகளில், கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் அட்வான்ஸ்டு கிளாக் கேலிபரேஷன் என்ற அமைப்பை ‘ஆட்டோ’வுக்கு மாற்றினால் நான்காவது கோர் உயிர்பெறும் என்று அந்த ஆண்டே தெரிந்துவிட்டது. சிலருக்கு அது குறையில்லாமல் ஓடியது. சிலருக்கு விண்டோஸ் ஏறும் முன்பே கணினி நின்றுபோனது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் ஆபத்தானது: அன்றாட வேலையில் எந்தக் கோளாறையும் காட்டாமல், ப்ராசஸரைக் கடுமையாகச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை மணிக்கணக்கில் ஓட்டினால் மட்டும் கணக்கைத் தப்பாகப் போடும் கோர். போதாக்குறைக்கு, திறந்தபின் கோர்களின் வெப்பநிலை அளவும் சரியாகக் கிடைக்காது.

அதற்கும் முன்பு, 2000 வாக்கில் வந்த ஏஎம்டி டியூரான், அத்லான் சிப்புகளில் எல்1 எனப்பட்ட நுண்ணிய இணைப்புகளைச் சாதாரணப் பென்சில் கரியால் சேர்த்தே சிப்பின் வேகத்தை முடிவுசெய்யும் பெருக்கி எண்ணின் பூட்டைத் திறந்தார்கள். கைத்திறனுக்குக் கிடைத்த அந்தப் பரிசை நான் குறை சொல்லமாட்டேன்.

எனக்குக் கசப்பது, சாவியையே தனியாக விற்கும் வழக்கம். 2010-இல் இன்டெல், பென்டியம் ஜி6951 வாங்கியவர்களுக்கு 50 டாலரில் ஓர் அட்டையை விற்றது. அதிலுள்ள எண்ணை மென்பொருளில் உள்ளிட்டால், சிப்பில் ஏற்கெனவே இருந்த ஹைப்பர் திரெடிங்கும் (ஒரே கோர் இரண்டு வேலைகளை ஒருசேரக் கையாளும் வசதி) கூடுதலாக 1 எம்பி எல்3 கேஷும் (சிப்புக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) திறந்துகொள்ளும். அங்கே பழுது என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் பழுதான பகுதிக்கு யாரும் சாவி விற்கமாட்டார்கள். கடும் விமர்சனம் எழுந்து, அடுத்த ஆண்டே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதே எண்ணம் பின்னர் ‘இன்டெல் ஆன் டிமாண்ட்’ என்ற பெயரில் ஜியான் சர்வர் சிப்புகளுக்குத் திரும்பி வந்தது.

“மூன்று கோருக்குத்தானே பணம் கொடுத்தீர்கள்?” என்று கேட்பார்கள். உண்மைதான், ஆகவே நான்காவது கோர் ஓடாவிட்டால் நிறுவனத்திடம் உத்தரவாதம் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் மேசையிலுள்ள பொருளைச் சோதித்துப் பார்க்க யாருடைய அனுமதியும் எனக்குத் தேவையில்லை. பழுதால் அணைத்தார்களா, விலைக்காக அணைத்தார்களா என்பதைப் பெட்டியின்மேல் ஒரே வரியில் அச்சிட்டுவிட்டால், துணிந்து இறங்குகிறவர் விவரம் தெரிந்தே இறங்குவார்.

அப்படித் திறந்த சிப்பை நான்கு கோர் என்று சொல்லி இன்னொருவர் தலையில் கட்டுவது மட்டும் அப்பட்டமான மோசடி. கோரைத் திறக்கும் வசதி இல்லாத மதர்போர்டில் மாட்டிய அன்றைக்கே அது மீண்டும் மூன்று கோர்தான்.