அதிகாலை 3 மணிக்கு ‘100’ அழைக்கிறது

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளை ஏற்றி, வீட்டுக்கென்று சொந்தத் தொலைபேசி இணைப்பகம் அமைத்தேன். பெருமை இரண்டே நாள்தான். மூன்றாம் நாள் அதிகாலை 3 மணிக்கு மணி அலறியது, திரையில் ‘100’. எடுத்தால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ரௌட்டரில் 5060ஆம் போர்ட்டை, அதாவது இணைய அழைப்புகள் நுழையும் வாசலை, உலகத்துக்கே திறந்துவைத்த என் மேதைமை! இணைப்பகத்தின் பதிவுகளைப் புரட்டினால், யாரோ 100, 101, 102 என்று ஒவ்வொரு உள் எண்ணுக்கும் வரிசையாகக் கடவுச்சொல்லை முயன்று பார்த்திருக்கிறார்கள். சிக்கியிருந்தால் என் செலவில் வெளிநாட்டு எண்களுக்கு விடிய விடிய அழைப்புப் போயிருக்கும். கடவுச்சொல்லைத் தவறாக அடிப்பவர்களைத் தடுக்கும் ‘ஃபெயில் டு பேன்’ மென்பொருளை நிறுவினேன். அந்தக் காவல்காரன் முதல் வேலையாகத் தடுத்தது என் மனைவியின் கைபேசியை. (கடவுச்சொல்லைத் தவறாக அடித்துவிட்டாளாம்.) போர்ட்டை மூடி, வயர்கார்டு என்ற பாதுகாப்பான தனிவழி (விபிஎன்) வழியாக மட்டும் வீட்டார் உள்ளே வரவைத்தேன். ஆள்தொல்லை ஒழிந்தது. ஆனால் நான் பேசுவது அம்மாவுக்குக் கேட்கிறது, அம்மா பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அவர் இப்போது வாட்ஸ்அப்பில் அழைத்துத் திட்டுகிறார். அது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.