கொன்டெக்ஸ்ட் ஒன்றே போதும்
ஜாவா நிரலின் தரவை எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களால் எழுதும் தரவு வடிவம்) ஆகவும் திரும்பவும் மாற்றும் நூலகம் ஜாக்ஸ்பி (JAXB). எந்த வகுப்புகளை மாற்றலாம் என்ற விவரத்தை வைத்திருப்பது அதன் கொன்டெக்ஸ்ட். ஒத்திசைவற்ற அழைப்பில் (பதிலுக்குக் காத்து நிற்காத அழைப்பில்) திரெட்டுகள், அதாவது ஒரே நிரலில் சேர்ந்து ஓடும் வேலை இழைகள், மோதாமலிருக்க, ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய ஜாக்ஸ்பி கொன்டெக்ஸ்ட் உருவாக்கச் சொல்கிறது இந்தக் கட்டுரை. அது தேவையே இல்லை. கொன்டெக்ஸ்டைப் பல திரெட்டுகள் பயமின்றிப் பகிரலாம். பகிரக் கூடாதவை, தரவை எக்ஸ்எம்எல் ஆக்கும் மார்ஷலரும் எக்ஸ்எம்எல்லைத் திரும்பத் தரவாக்கும் அன்மார்ஷலரும்தான். கொன்டெக்ஸ்ட் உருவாகும்போது வகுப்புகளை எல்லாம் ஆராய்வதால் நேரம் நிறையப் பிடிக்கும். சம்மாந்துறை நெல் ஆலை ஒன்றின் இருப்புக் கணக்கு மென்பொருளை எங்களிடம் திருத்தக் கொடுத்தார்கள், அதிலும் இப்படித்தான் எழுதியிருந்தது. கொழும்புச் சேர்வரின் எக்ஸ்எம்எல் பதில் வந்த பிறகும் பட்டியல் திரைக்கு வரத் தாமதம். பாவம், எல்லோரும் இணைய இணைப்பையே குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொன்டெக்ஸ்டை ஒரு தடவை மட்டும் உருவாக்கி, ஒவ்வொரு பதிலுக்கும் தனி அன்மார்ஷலர் எடுத்ததும் சரியாகிவிட்டது. ஜாவா 11 பயன்படுத்துவோருக்கு: அந்தப் பதிப்பில் ஜாவாவோடு கூடவே வந்த ஜாக்ஸ்பி நீக்கப்பட்டுவிட்டது, நூலகத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.