63ஆம் செக்டரில் தொடங்கும் சிக்கல்

வன்தட்டு தரவை எழுதும் மிகச்சிறிய துண்டான செக்டர், பழைய 512 பைட்டிலிருந்து 4096 பைட்டுக்கு மாறினாலே வேகம் கூடும் என்று உங்கள் கட்டுரை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பார்ட்டிஷன் (வன்தட்டில் பிரித்த பகுதி) எங்கே தொடங்குகிறது என்பதை விட்டுவிட்டீர்களே! கல்முனையில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63ஆம் செக்டரில் தொடங்கும். இது பழைய 512 பைட் கணக்கு; அப்படி எட்டு செக்டர் சேர்ந்ததே ஒரு 4096 பைட் செக்டர். 63 எட்டால் வகுபடாது. அதனால் 4 கிலோபைட் எழுதும்போதெல்லாம் அது இரண்டு பெரிய செக்டர்களில் விழும். பழையதை வாசித்து, திருத்தி, தட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகே எழுத முடியும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டில் அந்த ஒரு சுற்றுக்கே 8 மில்லி செக்கனுக்கு மேல்.

அக்கரைப்பற்றிலிருந்து வந்த கலியாணப் படப்பிடிப்பாளர் ஒருவர் இப்படி மெதுவான நல்ல வன்தட்டைப் பழுதென்று எறியவிருந்தார். படங்களைப் பிரதியெடுத்துவிட்டு, எட்டால் வகுபடும் 2048ஆம் செக்டரிலிருந்து பார்ட்டிஷனை மீண்டும் அமைத்துக் கொடுத்தேன். அதிலேதான் இன்றும் வேலை செய்கிறார். எக்ஸ்பி கணினியின் வன்தட்டை அப்படியே புதிய வன்தட்டுக்குக் குளோன் (முழுப் பிரதி) செய்பவர்கள் தயவுசெய்து பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தை முதலில் பாருங்கள்.