தண்டவாளத்தை விடுங்கள், முதலில் சாலையைப் போடுங்கள்

மாதிரி ரயில் கட்டுகிறவர்களில் பலர், சாலைக்குள் பதிந்த தண்டவாளம் என்றால் அது தண்டவாள வேலை என்றே நினைக்கிறார்கள். பலகையில் தண்டவாளத்தை அறைந்து, ரயிலை ஓட்டிப் பார்த்து மகிழ்ந்து, கடைசியில் இடைவெளிகளைப் பிளாஸ்டரால் நிரப்பிச் சாம்பல் நிறம் பூசுகிறார்கள். கிடைப்பது சாலை அல்ல, இரும்பு புதைத்த சிமெண்டுத் தரை. என் கட்சி இதற்கு நேர் எதிரானது. இது முழுக்க முழுக்கச் சாலை வேலை. தண்டவாளம் அந்தச் சாலையில் மின்னும் இரண்டு கோடுகள், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் மாதிரி டிராம் என்றதும் பலருக்கு ஹிரோஷிமாவும் மெல்பர்னும்தான் நினைவுக்கு வருகின்றன. நம் தெருக்களில் 1886இலேயே நீராவி டிராம் ஓடியது. அது 1894இல் நின்றுபோனது. 1905இல் மின்சார டிராம் வந்து 1927 வரை ஓடியது. மாரியம்மன் கோவில் இருக்கும் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலும், நாம் பூவும் வெற்றிலையும் வாங்கப் போகிற சிராங்கூன் ரோட்டிலும் தண்டவாளம் சாலைக்குள் பதிந்து கிடந்தது. ரிக்‌ஷாக்காரர்களோடும், பிறகு ‘கொசு பஸ்’ என்று பெயர் வாங்கிய குட்டிப் பேருந்துகளோடும் போட்டி போட்டுத் தோற்ற டிராமின் இடத்துக்கு, தலைக்கு மேல் போகும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் டிராலி பஸ் வந்தது. டிராமே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2011 ஜூன் 30 வரை தஞ்சோங் பகார் போன ரயில், புக்கிட் பாஞ்சாங்கில் சுவா சூ காங் சாலையைக் குறுக்கே வெட்டித்தான் போனது. அந்த ரயில்வே கேட்டும் சாலைக்குள் பதிந்த தண்டவாளம்தான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஜப்பானியத் தெருவையே திரும்பத் திரும்பச் செய்வது எனக்குப் பிடிபடவில்லை.

வீவக அடுக்குமாடி வீட்டில் இடம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: டிராம் நமக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டை. பெரிய ரயில் திரும்ப அறையே போதாது. டிராம் தெருமுனையில் 20 மீட்டர் ஆரத்திலேயே திரும்பிவிடும். நிஜத்தை 87இல் ஒரு பங்காகச் சுருக்கும் 1:87 அளவில் அது வெறும் 23 சென்டிமீட்டர். புத்தக அலமாரியின் ஒரு தட்டுப் போதும்.

இனி வேலைக்கு வருகிறேன். பதிந்த தண்டவாளத்தைக் காட்டிக்கொடுப்பது சக்கர விளிம்பு ஓடும் பள்ளம். உண்மையான டிராம் தண்டவாளத்தில் அது சுமார் 40 மில்லிமீட்டர் அகலம். 87ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கடையில் வாங்கும் மாதிரிச் சக்கரத்துக்கோ ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும், வளைவில் இன்னும் கூடுதலாக. ஆகவே நம் பள்ளம் எப்போதும் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத்தான் தெரியும். அதைக் குறைக்க முடியாது, கண்ணை ஏமாற்றத்தான் முடியும். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சாலையை இடைவெளியே இல்லாமல் ஒட்டிக் கொண்டுவாருங்கள். பள்ளம் உள்பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். அதற்குக் கறுப்பு அடிக்காதீர்கள். தெருப் பள்ளத்தில் நிற்பது மண்ணும் தூசும் எண்ணெயும், ஆகவே அடர்ந்த பழுப்பே சரி.

சாலையின் மட்டம் தண்டவாளத் தலைக்கு ஒரு தாள் கனம் கீழே இருக்க வேண்டும். மேலே ஏறினால் சக்கரம் தூக்கிக்கொண்டு மின்தொடர்பு அறுந்துவிடும். சரிசமமாக இருந்தாலும் தொல்லைதான். தண்டவாளத்தைத் துடைக்கும் ரப்பர் ஒவ்வொரு முறையும் சாலையின் வண்ணத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

பலர் கவனிக்காத இன்னொன்று, சாலை தட்டையாக இருப்பதில்லை. நடுவில் சற்று உயர்ந்து இருபக்கமும் சரியும். இங்கே பெய்யும் மழைக்கு அந்தச் சரிவு இல்லாவிட்டால் ஊர் மிதக்கும். ஆனால் இரண்டு தண்டவாளங்களும் ஒரே மட்டத்தில் கிடக்க வேண்டும். எனவே சரிவு தண்டவாளத்தின் ஓரத்தில் தொடங்கிக் கால்வாய் வரை போகும். அந்த ஒரு சரிவைச் செய்தால் போதும், மேசை தெருவாகிவிடும். தண்டவாளத்தை ஒட்டிய தார்தான் முதலில் உடையும், ஏனெனில் அதிர்வும் தண்ணீரும் இறங்குகிற இடம் அது. ஆகவே நீளவாக்கில் ஒட்டுப்போட்ட பட்டைகள், அதுவும் வெவ்வேறு சாம்பல் நிறங்களில், அங்கே இருக்க வேண்டும். ஒரே டப்பா வண்ணத்தில் ஒரே நாளில் முடித்த சாலையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

எதால் செய்வது? பிளாஸ்டர் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் ஒட்டுப்பலகை உப்பும், சுருங்கும். அதன்மேல் உறைந்த பிளாஸ்டர் வெடிக்கும். தார்ச் சாலைக்கு ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் ஒரு மில்லிமீட்டர் தகடே மேல். வேண்டும்போது கழற்றலாம் என்பது அதன் பெரிய பலம். கல் பாவிய தெரு என்றால் மட்டும் பிளாஸ்டர், அதில் கோடு கீறுகிற சுகம் வேறு எதிலும் இல்லை. எதை எடுத்தாலும், மூடுவதற்கு முன் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியாக மின்கம்பி பற்றவைத்துவிடுங்கள். புதைந்த இணைப்பு கறுத்துப்போனால் சாலையைத் தோண்ட வேண்டியிருக்கும். நிஜச் சாலையில் அதைப் பார்ப்பது போதாதா?

காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராம் போன்று, சாலையோடு சேர்ந்தே வரும் ஆயத்தத் தடங்கள் நன்றாக ஓடுகின்றன, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் தெரு ஜப்பானியத் தெரு. அதற்குப் பக்கத்தில் ஐந்தடிப் பாதைக் கடைவீட்டை வைத்தால் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதை வாங்குகிறவர்கள் மேல்பரப்பையாவது தேய்த்து வேறு வண்ணம் பூசுங்கள்.

தடம் இரண்டாகப் பிரியும் பாயிண்ட் வைக்கும் இடத்தை மட்டும் நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். நகரும் நாக்கைச் சுற்றியுள்ள தகட்டைக் கழற்றி எடுக்கும் மூடியாக வெட்டி, அதன் ஓரத்தைச் சாலை ஒட்டு மாதிரி வண்ணம் தீட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. தூசு சேர்ந்து டிராம் தடம்புரளும் நாளில் கத்தி முனையால் நெம்பினால் வந்துவிடும்.