கல்யாண வூடா, எழவு வூடா?

போன வியாழக்கிழமை என் அக்கா பெண்ணின் கல்யாண ரிசப்ஷனில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்த 40 விநாடி வீடியோ வந்திருக்கும். வயலினில் ஆலாபனை போய்க்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து திடீரென்று ஸ்பீக்கர் அலறுகிறதே, அதுதான். யார் போடச் சொன்னது என்று இங்கே எழுதப்போவதில்லை. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஸ்விட்சைப் போட்ட எலக்ட்ரீஷியன் பையனுக்கும் தெரியும். பாவம், "சொந்தக்காரர்தான் சார் சொன்னாரு" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

அதைக்கூட விட்டிருப்பேன். மறுநாள் முகூர்த்தம் முடிந்து சாம்பார் வாளியைக்கூடக் கழுவி முடிக்கவில்லை, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். "இன்னா மச்சான், இது கல்யாண வூடா எழவு வூடா? ஒரு குத்துப் பாட்டு இல்ல, ஒரு ஆட்டம் இல்ல." கீழே வரிசையாகப் பதினோரு பேர் சிரிக்கிற பொம்மை.

எழவு வீடு அமைதியாக இருக்கும் என்று யார் சொன்னது? அதுவும் நம் வடாற்காட்டில்? பறை, பட்டாசு, பூவை வாரி இறைத்துக்கொண்டு தெரு அடைக்கிற ஆட்டம். சத்தத்தை வைத்துத்தான் கணக்கு என்றால் எந்த வீட்டுக் கல்யாணம் எதைப் போல இருந்தது என்று நான் சொல்லத் தொடங்கினால் நன்றாக இருக்காது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இது அந்த ரெண்டு பேருடைய கல்யாணம். அவர்கள் காதுக்குப் பிடித்ததை அவர்கள் வைத்தார்கள்.

என் அக்கா பெண்ணும் மாப்பிள்ளையும் எப்படிச் சந்தித்தார்கள் என்று பலருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் காட்பாடியிலிருந்து சென்னைக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸில் சீசன் டிக்கெட். இவன் எதிர் சீட்டில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு லஞ்ச் பையின் மேல் தாளம் போட்டிருக்கிறான். மிருதங்கம் கற்றவன். இவள் ஏழு வயதிலிருந்து வயலின். அரக்கோணம் தாண்டியதும் பொறுக்க முடியாமல் "சார், தாளம் அரை இடம் தள்ளி விழுது" என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். ஜாதகம், பொருத்தம், ரெண்டு வீட்டுச் சண்டை எல்லாம் அதற்கு அப்புறம். பாட்டால் வந்த கல்யாணத்தில் பாட்டைக் கேட்கும்படி வைக்கக் கூடாதா?

மண்டபம் தேடின கதையைக் கேளுங்கள். எல்லாரும் பார்க்கிங் இருக்கா, டைனிங் ஹாலில் எத்தனை இலை என்று கேட்பார்கள். இவள் காலி ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கையைத் தட்டுவாள். தட்டிவிட்டு எதிரொலி அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். ஓரிடத்தில் மேனேஜர், "கொசுவாம்மா? மருந்து அடிச்சிடலாம்" என்றார். அது நல்ல மண்டபம்தான், ஏசி, லிஃப்ட் எல்லாம் உண்டு, ஆனால் தட்டினால் ஏதோ கிணற்றுக்குள் தட்டியது போல இருந்தது. கடைசியில் சத்துவாச்சாரி பக்கம் ஒரு பழைய மண்டபம். எதிரொலி இல்லை. ஏசியும் இல்லை. வைகாசி மாதத்தில், வேலூரில், ஏசி இல்லாத மண்டபம். அது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். பட்டுப் புடவையில் வெந்துபோன பெண்கள் அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் புழுக்கத்தைப் பற்றிக் குரூப்பில் யாரும் பேசவில்லையே! பேசினதெல்லாம் டி.ஜே. இல்லை என்பதைப் பற்றித்தான்.

பத்திரிகையில் போட்ட அந்த ஒரு வரிக்கும் பெரிய ரகளை. '7.30 முதல் 8.30 வரை கச்சேரி. மணமக்களும் கீழே அமர்ந்து கேட்பார்கள். வாழ்த்து அதன் பின்.' எங்களுக்கே நேரம் குறிக்கிறார்களா என்று கேட்டார்கள். கவர் கொடுக்க ஒரு மணி நேரம் காத்துக் கிடக்கணுமா, ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டாமா என்றார்கள். பஸ் விஷயம் நியாயம். அதனால்தான் ஆறரைக்கே பந்தியைத் திறந்துவிட்டோம். சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருங்கள், கேளுங்கள், வாழ்த்துங்கள், போங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒன்றைக் கேட்பது அவ்வளவு பெரிய தண்டனையா? வேலூர் கிரீன் சர்க்கிள் டிராஃபிக்கில் அதைவிட அதிக நேரம் நிற்கிறோம், வாயைத் திறக்கிறோமா?

ஆட்டம் இல்லை என்றீர்கள். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்குப் பறைக்குழு வந்ததே, அதில் முதலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கியது யார்? அந்த வீடியோவும் என்னிடம் இருக்கிறது. குத்துப் பாட்டு இல்லை என்றீர்கள். எட்டரைக்கு மேல் பெண்ணின் நண்பர்கள் இளையராஜா பாட்டு எட்டு பாடினார்கள், டிராக் போடாமல், கீபோர்டும் தபேலாவும் வைத்து. கூட்டமே கூடப் பாடியது. நீங்கள் அப்போது ரெண்டாவது தடவை பந்தியில் இருந்தீர்கள்.

இதற்கு நடுவில் என் கல்யாணத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கோபம் யாருக்கும் புரியாது. 1997. மேளக்காரர்களுக்கு எதற்கு அவ்வளவு பணம், கேசட் போட்டால் போச்சு என்று எங்கள் பெரியவர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள். நாதஸ்வரக் கேசட், டேப் ரெக்கார்டர், மைக்கை அதன் வாயில் வைத்தாயிற்று. ஐயர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கையை ஆட்டுகிறார். நான் தாலியைக் கையில் எடுத்துவிட்டேன். டக். கேசட்டில் முதல் பக்கம் முடிந்துவிட்டது. கெட்டிமேளம் எதற்கு? அந்த நேரத்தில் தும்மலோ, அபசகுனமான சொல்லோ காதில் விழக்கூடாது என்றுதானே? எனக்கு எல்லாம் விழுந்தது. ஒரு குழந்தை வீறிட்டது, யாரோ "ஏய் திருப்பிப் போடுறா" என்று கத்தினார், அப்புறம் சமையல்கட்டில் பெரிய பாத்திரம் விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்தில்தான் மூன்று முடிச்சும் போட்டேன். 'என் கழுத்தில் தாலி ஏறும்போது வாசித்தது அண்டாதான்' என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் இருபத்தெட்டு வருஷமாகச் சொல்கிறாள்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கே நான் மேளக்காரர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். நாயனக்காரர் நாதஸ்வரத்தின் முனையில் செருகி ஊதுகிற சீவாளி ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டே, இன்னொன்றை விரலால் அழுத்திப் பார்க்கிறார். அதை வேண்டாமென்று நூலிலேயே தொங்கவிட்டார். தவில்காரர் வலது கை விரல்களில் ஒவ்வொன்றாகக் கூட்டை மாட்டிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார், பின்னால் கரண்டி பிடித்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். மைக் வேண்டாம் என்று பெண் சொல்லியிருந்தாள். கோயில் வீதியில் சாமி புறப்பாட்டுக்கு ஊர் முழுக்கக் கேட்ட வாத்தியத்துக்கு எதற்கு மைக்? அவரிடம் 'திமிரி' பற்றிக் கேட்டேன். நமக்குத் திமிரி என்றால் ஆற்காட்டுக்குப் பக்கத்து ஊர், அவர்களுக்கு அது குட்டை நாயனம். சுருதி தூக்கலாக இருக்குமாம். அவர் வாசித்தது நீளமான பாரி நாயனம், டி.என்.ராஜரத்தினம் பிள்ளை புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கெட்டிமேளம் கொட்டினபோது பக்கத்தில் நின்ற என் மனைவி சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

சரி, குரூப்பில் வந்த மற்றதற்கும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பசங்களுக்கு போர் அடித்ததாம். அடித்தது. ஓடி விளையாடினார்கள், தூங்கினார்கள். டி.ஜே. வைத்த கல்யாணத்தில் என்ன, படித்துக்கொண்டா இருப்பார்கள்? ஒரு மணி நேரம் டி.ஜே. வைத்தால் என்ன குறைந்துவிடும் என்றார் ஒருவர். நீங்கள் வைக்கும் ஒரு மணி நேரம் பத்தரைக்கு முடியும். ராத்திரி 10 மணிக்கு மேல் வெளியே கேட்கும்படி ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லிருந்தே விதி இருக்கிறது. போன தை மாதம் ஒரு ரிசப்ஷனில் போலீஸ்காரர் வந்து நிறுத்தினபோது யார் கெஞ்சியது என்பதும் நினைவிருக்கும். செலவு கூடுதலா என்றால், கூடுதல்தான். அது அவர்கள் சம்பளம்.

ஆனால் ஒருவர் எழுதினாரே, 'பெரிய சபா குடும்பம் ஆயிட்டாங்க' என்று. அதுதான் உறுத்துகிறது. எந்தச் சபா? குடியாத்தத்தில் என் அக்கா ராத்திரி பதினொரு மணிவரை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றினாள். அந்தக் காசைச் சேர்த்துத்தான் 3,500 ரூபாய்க்குப் பழைய வயலின் வாங்கினாள். பேருந்துச் செலவுக்கு இல்லாத மாதங்களில் டீச்சரே வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். ஃபீஸ் பாதிதான் வாங்குவார்.

வியாழக்கிழமை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தது அந்த டீச்சர்தான். அறுபதைத் தாண்டியவர். ஸ்பீக்கர் அலறியபோது வில்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். 'பரவாயில்லம்மா' என்று வாயசைத்தார். வீடியோவில் அது விழவில்லை. அதற்கு முன்பே கேமராவை உங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அக்கா வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தக் குரூப்பைத் திறக்கவில்லை.

ஆவணியில் உங்கள் வீட்டுக் கல்யாணம் மச்சான். பெரிய டி.ஜே. சொல்லியிருப்பதாகக் கேள்வி. வருவேன். காதில் பஞ்சை வைத்துக்கொண்டாவது முன் வரிசையில் உட்காருவேன். மொய் எழுதுவேன். யார் ஸ்விட்சையும் அணைக்கச் சொல்ல மாட்டேன்.