படங்கு கட்டிய அக்காவும் எங்கள் டவுன் மதில்களும்

இலங்கை மலையகத்தில் எந்த டவுனுக்குப் போனாலும் ஒரு மதிலிலாவது தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண் இருப்பார். பளிச்சென்ற சிவப்புச் சேலை, மூக்குத்தி, நிறைந்த கூடை, வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் பச்சை மலை, ஒரு நீர்வீழ்ச்சி, வளைந்து போகும் ரயில். நுவரெலியா, பண்டாரவளை, எல்ல என்று போகிற இடமெல்லாம் இவரைத்தான் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வருகிறது. எங்கள் வீட்டு அம்மாமாரின் சாயல் அவரிடம் துளியும் இல்லை. வேனில் இருந்தபடி பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்காக வரைந்த ஆள் அவர்.

அண்மையில் ஹட்டனில் மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்து பின்பக்கப் படிக்கட்டால் ஏறினேன். ஒரு கடையின் பக்கச் சுவரில் அதே கொழுந்து எடுக்கும் பெண். ஆனால் தாண்டிப் போக முடியவில்லை. இடுப்பைச் சுற்றிப் படங்கு. கூடைக் கயிறு சரியாக உச்சந்தலையில் ஏறியிருக்கிறது, கயிறு அழுத்தும் இடத்தில் மடித்து வைத்த துணி. முன்னால் செடிகளின் மேல், கொழுந்து எடுக்கும் மட்டம் பார்க்கிற மட்டக்கம்பு கிடக்கிறது. விரல் நுனிகள் கறுத்திருக்கின்றன. கொழுந்துச் சாறு பட்டுப்பட்டுக் கறுத்த விரல் எப்படியிருக்கும் என்பது வீட்டில் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த அக்கா சிரிக்கவில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. கண் கொழுந்திலேயே இருக்கிறது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை ஒன்றுதான் இதை வரைந்திருக்க வேண்டும். கீழே ஒரு கையெழுத்துக்கூட இல்லை.

படங்கு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலை வாது கிழிக்காமல், விடியற்காலைப் பனியில் சேலை நனையாமல் இருக்க இடுப்பில் இறுக்கிக் கட்டுகிற தடித்த சாக்கு அல்லது ரப்பர் சீட்டு. அது இல்லாமல் மலைக்கு ஏறுவது பெரும்பாடு. ஆனால் விளம்பரப் படங்களில் அதைக் காண்பது அபூர்வம். அழகாக இல்லை என்று விட்டுவிடுகிறார்கள் போல. எனக்கு அந்தச் சுவரிலேயே அழகானது அந்தப் படங்குதான்.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் பெயின்டும் தூரிகையுமாக ரோட்டுக்கு இறங்கினார்கள். அரசர்கள், இராணுவ வீரர்கள், யானை, சிறுத்தை என்று மதில்கள் நிறைந்தன. யாரும் சம்பளம் கொடுத்து வரையச் சொன்னதில்லை, அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் யாருடைய கதை சுவரேறியது, யாருடைய கதை ஏறவில்லை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மலைநாட்டுக்கென்று வந்தபோது மறுபடியும் அதே சிரிக்கும் பெண். நூற்றாண்டு நூற்றாண்டாக இங்கே வாழ்கிற சனத்துக்கு ஒரே ஒரு முகம், அதுவும் பெயரில்லாத முகம்.

பெயர்களுக்கா பஞ்சம்? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் போராட்டத்தின்போது பொலிஸ் சுட்டதில் இறந்த கோவிந்தன் இருக்கிறார். 1977 மே மாதம் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து டெவனில் உயிரைக் கொடுத்த சிவனு லெட்சுமணன் இருக்கிறார். டெவன் நீர்வீழ்ச்சியை வரைந்த சுவர்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், லெட்சுமணன் முகத்தை ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. தோட்டம் தோட்டமாகப் பாட்டுப் பாடிச் சனத்தைத் திரட்டிய மீனாட்சி அம்மாள் இருக்கிறார். இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்த முன்னோர், நடக்க முடியாமல் வழியிலேயே விழுந்தவர்கள். அந்தப் பாதையை 2023இல், அவர்கள் வந்த 200 வருட நினைவாக மறுபடி நடந்தார்களே, அந்த நடை ஒன்றே ஒரு நீண்ட மதிலுக்குக் காணும். காமன் கூத்து, தப்பு மேளம், தோட்டத்துச் சாமிகளான ரோதைமுனி, கவ்வாத்துச்சாமி... சொல்லிக்கொண்டே போகலாம்.

கண்டிக்குப் பக்கத்தில் தெகல்தொருவ விகாரைக்குப் போனவர்கள் சுவரைக் கவனித்திருப்பீர்கள். 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலம். அவர் நாயக்கர் வம்சத்து அரசர் என்பதும் நினைவிருக்கட்டும். சிவப்புப் பின்னணியில் பட்டி பட்டியாகக் கதை ஓடும். புத்தரின் முற்பிறப்புக் கதைகள்தான், ஆனால் உடையும் நகையும் அன்றைய கண்டிச் சனத்துடையவை. கண்டிய ஓவியங்களில் பட்டிகளுக்கு இடையில் இது இன்ன கட்டம் என்று எழுதி வைப்பதும் வழக்கம். பார்க்கிற சனம் தன்னையே சுவரில் பார்க்கும். இந்த மலைகளுக்கு அந்தப் பழக்கம் புதிதே இல்லை.

சுற்றுலாப் பயணிக்கு அந்தச் சிரிப்புத்தான் பிடிக்கிறது, அதனால் நாலு பேர் பிழைக்கிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். பிழைக்கட்டும், ஒரு மதில் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்து மதிலை எங்களிடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வரைய நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். எங்கள் ஊர் மதில்களில் பாதி, மண்ணைத் தாங்கி நிற்கிற சுவர்கள். பின்னால் மண்ணில் ஊறும் தண்ணீர் சுவருக்குள்ளால் முன்னுக்கு வரும். மேலே எனாமல் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் போட்டு, படம் தோல் தோலாக உரியும். முதலில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாசியைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, பெப்ரவரி மார்ச் வெயிலில் வேலையை முடியுங்கள். வரைந்து முடித்ததும் உங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தமிழில் பெரிதாக எழுதுங்கள். சுவரைக் கொடுக்கிற முதலாளிமார் பெயின்டுக்கு மட்டுமில்லாமல் கைவேலைக்கும் காசு கொடுங்கள். தேநீரும் பனிசும் கூலி ஆகாது.

பொகவந்தலாவ, மஸ்கெலியா, லிந்துலை, பசறைப் பக்கம் தோட்டப் பிள்ளைகள் வரைந்த சுவர்கள் ஏதும் இருந்தால் இடத்தோடு சேர்த்துக் கீழே படம் போடுங்கள். வரைந்தவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். மே மாத மழை பிடிப்பதற்குள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க ஆசை.